காஜாத் தையலுக்கு ஒரு மெடல்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா? நாள் முழுக்க மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? மணிக்கு ஒரு தரம் எழுந்து நட என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ நடந்திருக்க மாட்டாய். அச்சகத்து வேலையில் மாப்பிள்ளைக்கு இருமல் வராமல் பார்த்துக்கொள்.

ஒரு செய்தி. எனக்கு இரண்டு மெடல் கொடுக்கப்போகிறார்களாம். சிரிக்காதே. தலைநகரிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை வந்தது. மாற்றல் உத்தரவுதான் வந்துவிட்டது என்று உன் அண்ணி பாத்திரங்களை எண்ணிக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் மெடல், போர் நடந்த காலம் முழுக்கப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நம் ஆஸ்பத்திரியை மூடாமல் நடத்தியதற்கு. இரண்டாவதை அவர்கள் எழுதியிருக்கிற மாதிரியே எழுதுகிறேன்: "ஊர் முற்றுகையில் இருந்த பத்தொன்பது நாட்களில் நூற்று நாற்பத்து மூன்று பேரின் காயங்களைத் தாமே கண்டறிந்த தனிவகைத் தையலால் மூடிக் காத்தமைக்காக."

ஓய்வுபெற்ற வீரர்களைப் பரிசோதிக்கிற ராணுவ டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தாராம். வேறு வேறு ஊர்க்காரர்கள், கையில் ஒருவருக்கு, தொடையில் ஒருவருக்கு, முதுகில் ஒருவருக்கு என்று தழும்பு. எல்லாத் தழும்பிலும் ஓரத்தில் ஒரே மாதிரி சின்னச் சின்ன முடிச்சுத் தடம். எங்கே தைத்தது என்று கேட்டால் அத்தனை பேரும் நம் ஆஸ்பத்திரி என்றார்களாம். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் பதிலைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 15

என் அருமை அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் போட்டேனே ஒரு சத்தம், காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். எனக்கு வாயெல்லாம் பல். டாக்டர் என்றால் சும்மாவா, என் அண்ணன் ஆயிற்றே! வந்த வாடிக்கையாளர் ஒருவர் பாக்கெட் இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டதற்கு, "எங்க அண்ணனுக்கு மெடல்!" என்று பதில் சொன்னேனாம். இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அச்சகத்தில் தகவல் பலகை முழுக்க உன் விஷயம்தான்.

முதுகுவலி பற்றிக் கேட்டாய். இருக்கிறது, எங்கே போகும்? விடு.

இப்போது முக்கியமான விஷயம். எதைப் போட்டுக்கொண்டு போகப்போகிறாய்? அந்த முழங்கை தேய்ந்த கோட்டையா? கொன்றுவிடுவேன். நான் புதிதாகத் தைத்து அனுப்புகிறேன். மார்பு, தோள், இடுப்பு, கை நீளம் நான்கையும் அண்ணியை அளக்கச் சொல். நீ அளந்தால் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு பொய் அளவு அனுப்புவாய். மெடல் கனத்தில் துணி தொங்கக்கூடாது. அதனால் இடது மார்பில் உள்பக்கம் கேன்வாஸ் வைக்கிறேன். கறுப்பு வேண்டாம், கருநீலம். பொத்தான் நான்கா மூன்றா என்று யோசித்து மூன்று என்று முடிவு செய்திருக்கிறேன். காலர் அகலம் மூன்றே கால் அங்குலம். உள்துணி வழவழப்பாக இருக்கும், வியர்த்தால் ஒட்டாது.

விழாவுக்கு வரமுடியுமா தெரியவில்லை. அந்த மாதம் பள்ளிச் சீருடை வேலை கழுத்து வரைக்கும் இருக்கும். அண்ணியை முன் வரிசையில் உட்காரச் சொல்.

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. உன் அண்ணிதான் அளந்தாள். தொப்பை அளவைச் சத்தமாகப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் படித்தாள்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கோட்டுக்கு ஒரு முழுப் பக்கம். இரண்டாவது மெடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, நானே எழுதுகிறேன். அந்தப் பத்தொன்பது நாளும் நான் டைபாய்டு காய்ச்சலில் துணி வைக்கிற அறையில் படுத்துக் கிடந்தேன். எழுந்து நின்றால் சுவர் சுற்றும். பெரிய நர்ஸம்மாவின் மூக்குக் கண்ணாடி முதல் நாள் குண்டிலேயே நொறுங்கிப்போயிற்று. காயத்தைக் கழுவுவார், கையால் தடவியே இரும்புத் துண்டை எடுப்பார், ஆனால் கண் தெரியாமல் ஊசியில் நூல் கோக்கவோ தைக்கவோ முடியாது. படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிக்க வந்த நீ அங்கே இருந்தாய். உன்னைத்தான் கூப்பிட்டேன். "சட்டையைத் தைக்கிறவளுக்குத் தோலைத் தைக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். நீ வெளுத்துப் போனாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனாய்.

எனக்குத் தெரிந்த டாக்டர் தையல் எதுவும் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தது பொத்தான் துளைக்குப் போடுகிற காஜா. ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்தில் பூட்டுவாயே, அதே தையலைப் போட்டாய். அதைத்தான் இன்றைக்கு அவர்கள் "தனிவகைத் தையல்" என்கிறார்கள். டாக்டர் கையெழுத்து இல்லாவிட்டால் கிடங்கில் நூல் தரமாட்டார்கள் என்பதால் பதிவேட்டில் என் பெயரையே எழுதச் சொன்னேன். நூற்று நாற்பத்து மூன்று வரியிலும் உன் கையெழுத்தில் என் பெயர்.

அந்த மெடல் உன்னுடையது. மெடல் கொடுக்கிற குழுவுக்கு எழுதப்போகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணாவுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

யாரைக் கேட்டு எழுதப்போகிறாய்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா? படிக்காத ஒருத்தி ஆஸ்பத்திரிக்குள் புகுந்து தையல் போட்டாள் என்று நீயே எழுதிக் கொடுத்தால் உன் வேலை என்ன ஆகும்? பெரிய நர்ஸம்மா ஓய்வூதியத்தில் இருக்கிறார், அவரையும் இழுத்துவிடுவார்கள். ஊருக்கு ஒரே டாக்டர் நீ. உன்னைக் கொண்டுபோய் விசாரணையில் உட்காரவைத்தால் அங்கே பிரசவத்துக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்கு எதற்கு மெடல்? இங்கே என் கடையில் வந்து கேள். காஜா பிரிந்து திரும்பி வந்த சட்டை ஒன்று உண்டா? அதுதான் என் மெடல். மனிதர்களைத் தைத்தது பதினோரு வருஷத்துக்கு முந்திய கதை. அந்த அறையை நான் மறந்தாயிற்று. மறந்ததைக் கிளறாதே.

நீ கூப்பிட்ட போதெல்லாம் நான் ஊருக்கு வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே.

கோட்டு அடுத்த வாரம் தபாலில் வரும். இஸ்திரி போடும்போது மேலே ஈரத்துணி வைக்கச் சொல்.

தங்கை


மே 20

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் நலம். உன் அண்ணன் மட்டும் நலத்துக்கு மேலே இருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் முழுக்க உனக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுதவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எழுதினால் நீ தடுப்பாய், தடுத்தால் இவர் சாப்பிடமாட்டார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொள்வேன்.

விழா முடிந்தது. நீ தைத்த கோட்டில் ஆள் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "உங்க பையனா?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள், எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

முதல் மெடலைக் குத்தினார்கள். கை தட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மூக்கையும்தான். இரண்டாவது பெட்டியைத் திறந்தார்கள். இவர் பெட்டியின் மேல் கையை வைத்து மூடினார்.

"இது என்னுதில்லைங்க" என்றார்.

மேடையில் இருந்த அதிகாரி அடக்கம் என்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்ல டாக்டர், வாங்கிக்கங்க" என்றார்.

"பெருந்தன்மைக்குச் சொல்லல. அந்த நாள்ல நான் படுத்த படுக்கை. தைச்சது என் தங்கச்சி. அவ டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, தையல்காரி. நீங்க கண்டுபிடிச்ச தனிவகைத் தையலுக்குப் பேரு காஜா. உங்க சட்டையிலயே அஞ்சாறு இருக்கும், குனிஞ்சு பாருங்க."

அம்மாடி, அத்தனை பெரிய அதிகாரிகள் வரிசையாகக் குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்த்ததை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். தழும்பைக் கண்டுபிடித்த ராணுவ டாக்டர் முதலில் முகம் சிவந்தார். பிறகு தன் பொத்தான் துளையை விரலால் தடவினார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! "முப்பது வருஷமா இதைப் போட்டுக்கிட்டு இருக்கேன், தெரியலையே!" என்றார்.

இனிமேல் என்ன ஆகும் என்று தெரியாது. குழு கூடி முடிவு சொல்லுமாம். வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டேன். "வந்தா வரட்டும், உனக்கு மாவு அரைச்சுக் கொடுக்கிறேன்" என்கிறார். இவர் மாவு அரைத்து நான் பிழைத்த மாதிரிதான்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவரை நினைத்தும், உன்னை நினைத்தும். திட்டுவதாக இருந்தால் எனக்கு எழுது, அவருக்கு வேண்டாம்.

உன் அண்ணி


மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறோம்.

அவனிடம் சொல்லுங்கள், நான் அவனோடு பேசமாட்டேன். அத்தனை பேர் முன்னாடி தன் மெடலைத் தள்ளிவிட்டு என்னைத் தூக்கிப் பிடித்தானாமே, இந்த உலகத்தில் எவனுக்கு இப்படி ஒரு அண்ணன் இருக்கிறான்? கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய் அழுதேன். அதையும் அவனிடம் சொல்லவேண்டாம்.

பேசமாட்டேன் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ பேசமாட்டாய் என்று தெரிந்தது. படிப்பாய் அல்லவா, அது போதும்.

குழு முடிவு சொல்லிவிட்டது. போர்க்கால அவசரம் என்பதால் என் மீதோ உன் மீதோ பெரிய நர்ஸம்மா மீதோ நடவடிக்கை எதுவும் கிடையாது. எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். பெரிய நர்ஸம்மாவும் சாட்சியாக எழுதிக் கொடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு தோள்ல நான் கை வச்சுக்கிட்டே இருந்தேன், ஒரு தடவைகூட நடுங்கல" என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் மெடல், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கிற பெயருக்குத்தான் போகும். பெயரை மாற்றினால்தான் உனக்கு வரும். மாற்றவேண்டும் என்றால், எழுதியவரே நேரில் வந்து, ஒவ்வொரு வரியிலும் என் பெயரை அடித்துத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டுமாம். நூற்று நாற்பத்து மூன்றும் போடவேண்டும். ஒன்று விட்டாலும் திருத்தம் செல்லாது. செப்டம்பர் கடைசித் தேதிக்குள் முடியாவிட்டால் பழைய பதிவே நிலைக்கும், மெடலை என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பதிவேடுகள் உன் ஊர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. உன் கடையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்.

நான் கெஞ்சிக் கேட்கிறேன். போ. பதினோரு வருஷமாக என் பெயரில் கிடக்கிற உன் வேலையை எடுத்துக்கொள். எனக்கு அது பாரமாக இருக்கிறது.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அண்ணாவுக்கு,

பேசமாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சுகம்தான்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் இவர்தான், "நீ போகலன்னா நான் போய் உன் பேரைப் போட்டுட்டு வந்துடுவேன்" என்று மிரட்டினார். போன செவ்வாய்க்கிழமை போனேன்.

நீளமான அறை, நீளமான மேசை. பதிவு அலுவலர் ஈர ஸ்பாஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார். பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதே தடித்த அட்டை. உள்ளே என் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. முதல் வரியிலேயே, "இடது முன்கை, ஏழு அங்குலம்." ரொட்டிக் கடைக்காரர், அண்ணா! தைக்கும்போது நான்தான் அழுதேன், அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அடித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கன்னத்தில் கண்ணாடி கிழித்த பள்ளிக்கூடப் பெண். அவளுக்கு மட்டும் மெல்லிய நூல் தேடி எடுத்துப் பொடித் தையல் போட்டேன், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்றால் தழும்பு தெரியக்கூடாதே என்று. ஒரே நாளில் வந்த இரட்டையர், ஒருவனுக்கு வலது தோள், ஒருவனுக்கு இடது தோள். தொடையில் பதினோரு அங்குலக் கிழிசலோடு வந்து, "சீக்கிரம் முடிம்மா, அடுப்புல பால் இருக்கு" என்ற அந்தப் பெரிய மனுஷி. அலுவலர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எல்லாம் நீங்களேவாம்மா?" என்றார். "நானேதான்" என்றேன். சொன்னபோது முதுகு தானாக நிமிர்ந்தது. வலியே தெரியவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

மூன்று நாள் போனேன். நூற்று நாற்பத்து இரண்டு போட்டாயிற்று.

ஒன்று மட்டும் போடவில்லை. போடமாட்டேன். ஏன் என்று கேட்காதே. மெடல் உன் வீட்டுக்கே வரட்டும், அதனால் குறைந்துபோக மாட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு,

இங்கே நலம். ஒரே ஒரு கேள்வி.

அந்த ஒன்று ரேடியோவா?

அண்ணன்


செப்டம்பர் 7

அண்ணாவுக்கு,

உன் தபால் அட்டையைத் துணி வெட்டுகிற மேசை மேலேயே வைத்துப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம். ரேடியோதான்.

மின்கம்பம் ஏறுகிற வேலைக்காரன், இருபத்து மூன்று வயது. வாய் மூடவே மூடாது. செய்தி சொல்வான், பாடுவான், விளம்பரம்கூடச் சொல்வான். வார்டு முழுக்க அவனை ரேடியோ என்றுதான் கூப்பிட்டோம். விலாவுக்குக் கீழே இரும்புத் துண்டு பாய்ந்து வந்தான். நான் தைத்துக்கொண்டிருக்கும்போது, "அக்கா, காஜா எடுத்தாச்சு, பட்டன் வைக்க மறந்துடாதீங்க" என்றான். சிரித்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

அன்றைக்குப் பதினான்கு பேர், அண்ணா. அவன் பதினோராவது. கை அலுத்துப் போயிருந்தது. மற்றவர்களுக்குக் கால் அங்குலத்துக்கு ஒரு குத்துப் போட்டேன். அவனுக்கு அரை அங்குலம். எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன், அவன் சிரிக்கிறானே, சின்னக் காயம்தானே என்று. தைத்தது நிற்கவில்லை, உள்ளே பிரிந்துவிட்டது. அதனால்தான் போனான்.

நூற்று நாற்பத்து இரண்டு பேருக்கு மெடல் வாங்கிக்கொண்டு அவனுக்கும் சேர்த்து நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? என் காஜா பிரிந்ததே இல்லை என்று கடையில் ஊருக்கெல்லாம் சொல்கிறேன். அது பொய். ஒன்று பிரிந்திருக்கிறது. ஊருக்கு வா என்று எழுதுவாயே, வந்தால் அந்த வார்டைத் தாண்டித்தான் உன் வீட்டுக்கு வரவேண்டும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம்கூட.

தங்கை


செப்டம்பர் 10

அம்மாடி,

உன் கடிதம் காலையில் வந்தது. வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அரை அங்குலம் யாரையும் கொல்லாது. தோலைத் தைத்த தையல் பிரிந்து ஒருவன் மறுநாளே சாகமாட்டான். உன் தையல் பிரியவில்லை. அவனை அடக்கம் செய்வதற்கு முன்னால் பெரிய நர்ஸம்மா காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார், பூட்டு ஒன்றுகூட விடவில்லை என்று.

நீ எழுதாத ஒரு வரி இருக்கிறது. தைப்பதற்கு முன்னால் நீ துணி அறைக்கு ஓடி வந்தாய். "அண்ணா, அவன் வயிறு பலகை மாதிரி இருக்கு, தொட்டாலே கத்தறான், அப்புறம் சிரிக்கறான்" என்று சொன்னாய். டாக்டருக்குப் படிக்கிற முதல் வருஷப் பிள்ளைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும். உள்ளே கிழிந்திருக்கிறது, வயிற்றைத் திறக்கவேண்டும். நான் என்ன சொன்னேன்? "ஒண்ணுமில்ல, மேலே மூடிடு" என்றேன். நூற்று நான்கு டிகிரி காய்ச்சல் என்று உன் அண்ணி சொல்லுவாள். காய்ச்சல்தான். ஆனால் உன் வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து நிற்க முடியாதவன், திறக்கச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, இன்றைக்கும் தெரியவில்லை. திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது. மூடச் சொன்னது நான். நீ மூடினாய், சரியாக மூடினாய்.

நீ ஊருக்கு வராமல் இருந்தாயே, அதற்கு நான் வைத்திருந்த காரணம் வேறு. என் தவறு உனக்குத் தெரியும், அண்ணன் மானம் போகக்கூடாது என்று வெளியே சொல்லாமல் விலகி நிற்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. பதினோரு வருஷம்! ஒரே ஒரு தரம் வாய் திறந்து கேட்டிருந்தால் இத்தனை நாள் நீ இதைச் சுமந்திருக்க மாட்டாய். என்னை மன்னிக்க வேண்டாம். அந்த வரியில் மட்டும் கையெழுத்துப் போடு.

முதல் மெடலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்கு அது இப்போது பொருந்தவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 24

என் அண்ணாவுக்கு,

நீ ஒரு முட்டாள். நான் உன்னைவிடப் பெரிய முட்டாள். ஒரே வீட்டில் பிறந்தோம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் உன் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நல்ல கோபம். இதை என்னிடம் சொல்ல உனக்குப் பதினோரு வருஷமா? இரண்டாம் தரம் அந்தத் துணி அறை ஞாபகம் வந்தது. உதடெல்லாம் வெடித்து, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் என்ன செய்யவேண்டும் என்று சுவர் வழியாகக் கத்திக்கொண்டே இருந்தாய். நூற்று நாற்பத்து மூன்று தரம் கத்தினாய். ஒரு தரம் தவறிப்போயிற்று. மூன்றாம் தரம் படித்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அலுவலர் பதிவேட்டை விரித்து வைத்தார். ரேடியோ வரியைப் பார்த்தேன். "விலா, மூன்று அங்குலம்" என்று எழுதியிருந்தது. உன் பெயரை அடித்தேன். எழுதுவதற்கு முன் அலுவலர் என்னை நிறுத்தினார்.

"போன தடவை கேட்க விட்டுப்போச்சும்மா. தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. நர்ஸுன்னு போட்டுக்கட்டுமா? மரியாதையா இருக்கும்."

"தையல்காரின்னு போடுங்க."

"நூத்து நாப்பத்து மூணுலயுமா?"

"ஒண்ணு விடாம."

அவர் எழுத எழுத நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ரேடியோ பக்கத்தில் என் பெயரை எழுதினேன். திருத்தம் செல்லும் என்று முத்திரை குத்திவிட்டார். மெடலில் என் பெயரைப் பொறிக்க அனுப்பியாயிற்று, அடுத்த மாதம் வரும். கடை வாசலில் மாட்டப்போகிறேன், வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு வரியிலும் "உத்தரவிட்டவர்" என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. அன்றைக்கு அவசரத்தில் யாரும் நிரப்பவில்லை. டாக்டர் நேரில் வந்தால் இப்போதும் நிரப்பலாம் என்கிறார் அலுவலர். உன் முதல் மெடலை அலமாரியிலிருந்து எடுத்துக் கோட்டில் குத்திக்கொள், மரியாதையாகச் சொல்கிறேன். அதோடு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை வண்டிக்கு வந்து சேர். காப்பகம் பத்தரைக்குத் திறக்கிறது. ரேடியோவின் வரியில் முதலில் போடு, மற்றதையெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம். நீ முடிக்கும் வரைக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை